ஃபீமாவுக்கு ஆட்களையும் திட்டங்களையும் திரும்பக் கொண்டுவர நான்கு வழிகள்: காங்கிரஸ் உறுப்பினருக்கு எதைக் கேட்டு எழுதுவது?

எங்கள் ஹூஸ்டன் தமிழ் வாட்ஸாப் குழுவில் சில வாரங்களாக ஃபீமாவை, அதாவது அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பை, ஒட்டி ஒரே கேள்விதான் சுற்றி வருகிறது. (காங்கிரஸ் என்றால் இங்கே அமெரிக்க நாடாளுமன்றம்.) "அண்ணா, ஃபீமாவைக் காப்பாத்தணும்னு காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதச் சொல்றாங்க. ஒருத்தர் ஒரு மசோதா எண்ணைச் சொல்றார், இன்னொருத்தர் பட்ஜெட்லதான் கேக்கணும்ங்கிறார், மூணாவது ஆள் மாநிலமே பாத்துக்கலாம்ங்கிறார். எதைக் கேட்டு எழுதறது?" ஒரு தம்பி இப்படிக் கேட்டதற்கு முப்பது பேர் முப்பது விதமாகப் பதில் போட்டார்கள், கடைசியில் அவர் எழுதவே இல்லை. அதனால்தான் பொறுமையாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்தது 2017 ஆகஸ்டில், ஹார்வி புயலின்போது. மேற்கு ஹூஸ்டனில் ஆடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்களை ஒட்டிய பகுதிகளில் தண்ணீர் ஏறியபோது மூன்று குடும்பங்கள் எங்கள் வீட்டு மாடியில் வந்து தங்கினார்கள். அதில் ஒருவர் எச்1பி வேலை விசாவில் இருந்தார். தனக்கு உதவி கிடைக்காது என்று நினைத்து விண்ணப்பிக்காமலே விட்டிருந்தார். சும்மா கேட்டுப் பார்ப்போம் என்று ஃபீமா எண்ணுக்கு அழைத்தோம். எதிர்முனையில் பேசிய பெண், "வீட்டில் அமெரிக்கக் குடியுரிமை உள்ள குழந்தை இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது, எட்டு மாதக் கைக்குழந்தை. அந்தக் குழந்தையின் பேரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம் என்பது விதி. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது, அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. ஃபீமாவில் ஆள் குறைகிறார்கள் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான் நினைவுக்கு வருகிறது.

முதலில், என்ன பறிபோனது?

2025 ஜனவரி 24 அன்று அதிபர் டிரம்ப் ஃபீமாவை ஆராய ஒரு குழு அமைத்தார், அதே நாளில் வட கரோலினாவுக்குப் போய் அமைப்பையே எடுத்துவிடலாம் என்றும் பேசினார். அதற்கடுத்த சில மாதங்களில் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். சிலர் நீக்கப்பட்டார்கள், நிறைய பேர் அரசு கொடுத்த விலகல் சலுகையை எடுத்துக்கொண்டு போனார்கள், போனவர்களில் நீண்ட அனுபவசாலிகளும் இருந்தார்கள். ஏப்ரலில் 'பிரிக்' என்ற முன்தடுப்புத் திட்டம் நிறுத்தப்பட்டது. வடிகால் பெரிதாக்குவது, பாலத்தை உயர்த்துவது, மின் நிலையத்தை வெள்ளத்திலிருந்து காப்பது போன்றவற்றுக்கு ஊர்களுக்குப் பணம் கொடுத்த திட்டம் அது. மே மாதம், தற்காலிகத் தலைவராக இருந்த கேமரன் ஹாமில்டன், ஃபீமாவை ஒழிப்பது மக்களுக்கு நல்லதல்ல என்று காங்கிரஸ் குழு முன் சொன்னார். மறுநாளே பதவி போனது. ஜூனில், 1,00,000 டாலருக்கு மேற்பட்ட எந்தச் செலவுக்கும், ஃபீமா இருக்கும் துறையின் தலைவரான அப்போதைய உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலாளர் கிறிஸ்டி நோமின் ஒப்புதல் வேண்டும் என்ற விதி வந்தது.

அப்புறம் ஜூலை 4. குவாடலூப்பே ஆறு பெருகி நம் டெக்சாஸில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஃபீமாவின் அழைப்பு மையத்துக்கு ஆள் தரும் ஒப்பந்தங்கள் அந்த வாரத்தில் காலாவதியாகிப் புதுப்பிக்கப்படாததால் ஏராளமான அழைப்புகளை எடுக்க ஆளில்லாமல் போனது என்று செய்திகள் வந்தன, நோம் அதை மறுத்தார். அந்த ஆகஸ்டில் ஃபீமாவின் இந்நாள், முன்னாள் ஊழியர்கள் 180-க்கும் மேற்பட்டோர் காங்கிரஸுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதினார்கள். பேர் போட்டுக் கையெழுத்திட்டவர்களில் சிலர் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார்கள்.

எதை வைத்து எடைபோடுவது?

நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். ஆட்கள் எவ்வளவு சீக்கிரம் திரும்புவார்கள்? நிறுத்தப்பட்ட திட்டங்கள் உயிர்பெறுமா? அடுத்து வருபவர் இதே மாதிரி மறுபடி பறிக்க முடியாதபடி பூட்டு இருக்கிறதா? இரு கட்சியும் சேர்ந்து நிறைவேற்ற வாய்ப்பு உண்டா? வெளியே தெரியாத செலவு யார் தலையில் விழும்?

இதில் மூன்றாவது கேள்விக்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது. 2005இல் கத்ரீனா புயலின்போது ஃபீமா தடுமாறியதைப் பார்த்து 2006இல் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. ஃபீமாவின் அதிகாரத்தையும் திறனையும் உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலாளர் கணிசமாகக் குறைக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. தலைவராக வருபவருக்குப் பேரிடர் மேலாண்மை அறிவும் குறைந்தது ஐந்து ஆண்டு தலைமைப் பொறுப்பு அனுபவமும் வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டும் இன்றும் சட்டம்தான். ஆனாலும் 2025 ஜனவரியில் ஆட்சி மாறியதிலிருந்து அந்த வருடம் முழுவதும் செனட் ஒப்புதல் பெற்ற தலைவர் ஒருவர்கூட இல்லாமல், பொறுப்பு வகிப்பவர்களை வைத்தே அமைப்பு ஓடியது, ஆட்களும் குறைந்தார்கள். அதனால் "குறைக்கக் கூடாது" என்று இன்னொரு தடவை எழுதினால் போதுமா என்று ஒவ்வொரு மசோதாவையும் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

வழி 1: ஆட்களையும் திட்டங்களையும் மீட்கச் சொல்லும் நேரடிச் சட்டம்

இத்தனை பேரைத் திரும்ப எடு, இந்தத் திட்டத்தை மறுபடி தொடங்கு என்று சட்டத்திலேயே எழுதிவிடுவது. கேட்பதற்கு இதுதான் மனசுக்கு நெருக்கமானது. நல்ல வடிவில் எழுதினால் பலனும் உண்டு. 2022இல் கேரி பீட்டர்ஸும் ராப் போர்ட்மேனும், ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி, சேர்ந்து கொண்டுவந்த ஒரு சிறிய சட்டத்தை உதாரணமாகச் சொல்லலாம். புயல் வந்தால் அழைக்கப்படும் ஃபீமாவின் தற்காலிக ஊழியர்கள் தங்கள் வழக்கமான வேலையைப் பறிகொடுக்காமல் போய் வரலாம் என்று ராணுவ ரிசர்வ் வீரர்களுக்கு உள்ள பாதுகாப்பை அவர்களுக்கும் கொடுத்தது. அதிகம் பேசப்படாத சட்டம், ஆனால் ஆள் கிடைக்காத பிரச்சினையில் நேராகக் கை வைத்தது.

மறைந்திருக்கும் செலவு காலம்தான். அமெரிக்க மத்திய அரசில் ஒருவரை வேலைக்கு எடுக்கவே சராசரியாக மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. எடுத்த பிறகு அவரைக் களத்துக்குத் தயார் செய்யப் பயிற்சி, மேற்பார்வை, ஒன்றிரண்டு புயல் அனுபவம் எல்லாம் வேண்டும். ஒரு மாநிலத்தின் மொத்த மீட்புப் பணியையும் ஒருங்கிணைக்கும் மூத்த அதிகாரிகள் பத்துப் பதினைந்து வருடத்தில் உருவாகிறவர்கள். விலகிப் போய்த் தனியார் வேலையில் சேர்ந்துவிட்டவர் ஒரு சட்டம் வந்ததும் திரும்பி வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. அவரைத் திரும்ப அழைக்க வேண்டும் என்றால் விட்டுப்போன பணிக்காலத்தைக் கணக்கில் சேர்ப்பது, பழைய பதவிநிலையைக் கொடுப்பது போன்றவை மசோதாவில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, இப்படி ஒரு மசோதாவில் கையெழுத்துப் போட வேண்டியது அதிபர்தான். அவர் மறுத்தால் இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்.

உங்கள் கைக்கு இப்படியொரு மசோதா வந்தால் தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை என்று ஒரு எண் இருக்கிறதா, எத்தனை நாளுக்குள் என்று கெடு இருக்கிறதா, கெடு தவறினால் யார் யாரிடம் கேட்க முடியும் என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். மூன்றும் இல்லையென்றால் 2006 சட்டத்துக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேரும். மூன்றும் இருந்தால் தயங்காமல் ஆதரிக்கலாம். குறிப்பாக உங்கள் உறுப்பினர் ஏற்கெனவே இதில் ஆர்வம் காட்டுபவராக இருந்தால் இதுதான் சரியான வழி.

வழி 2: ஃபீமாவைத் தனி அமைப்பாகப் பிரிப்பது

குழுவில் ஒருவர் எண் சொன்னாரே, அது இதுதான்: பிரதிநிதிகள் சபை மசோதா 4669. மிசூரியைச் சேர்ந்த குடியரசுக் கட்சிக்காரர் சாம் கிரேவ்ஸும் வாஷிங்டன் மாநிலத்தின் ஜனநாயகக் கட்சிக்காரர் ரிக் லார்சனும் 2025 ஜூலையில் கொண்டுவந்தார்கள். செப்டம்பரில் போக்குவரத்து, உள்கட்டமைப்புக் குழுவில் 57-3 என்று தேறியது. இன்றைய வாஷிங்டனில் ஒரு பெரிய மசோதாவுக்கு இப்படி ஒரு எண்ணிக்கை கிடைப்பது அபூர்வம்.

இதன் மையக் கருத்து புரிய கொஞ்சம் வரலாறு வேண்டும். ஃபீமா 1979இல் கார்ட்டர் காலத்தில் தனி அமைப்பாகத்தான் பிறந்தது. கிளின்டன் காலத்தில் ஜேம்ஸ் லீ விட் தலைவராக இருந்தபோது அது அமைச்சரவை அந்தஸ்துக்கு உயர்ந்தது. ஆர்கன்சாவில் பேரிடர் துறையை நடத்திய அனுபவத்தோடு வந்தவர் அவர், ஃபீமா நன்றாக இயங்கிய காலம் எது என்று கேட்டால் இன்றும் பலர் அவர் காலத்தைத்தான் சொல்வார்கள். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு 2003இல் அதை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். எல்லைக் காவல், குடியேற்றம், விமான நிலையப் பாதுகாப்பு எல்லாம் இருக்கும் பெரிய துறையில் புயலும் வெள்ளமும் எப்போதும் இரண்டாவது வேலைதான். இரண்டே வருடத்தில் கத்ரீனா வந்தது. 1,00,000 டாலர் கையெழுத்து விதியை ஒரு துறைச் செயலாளர் போட முடிந்ததும் ஃபீமா அந்தத் துறைக்குக் கீழே இருப்பதால்தான்.

மசோதா 4669 ஃபீமாவை வெளியே எடுத்து நேராக அதிபரின் கீழ் வைக்கிறது. கூடவே நல்ல சீர்திருத்தங்கள் நிறைய இருக்கின்றன. பாதிக்கப்பட்டவர் பத்து இடத்தில் பத்துப் படிவம் நிரப்பாமல் எல்லா மத்திய உதவிக்கும் ஒரே விண்ணப்பம் போடலாம். ஊராட்சிகள் முதலில் கடன் வாங்கிச் செலவழித்துவிட்டுப் பல வருடம் பணத்துக்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே மானியம் பெறலாம். அரசியல் சார்பு பார்த்து உதவியை மறுக்கத் தடை இருக்கிறது. 2024இல் மில்டன் புயலுக்குப் பிறகு, டிரம்ப் ஆதரவுப் பலகை இருந்த வீடுகளைத் தவிர்க்கும்படி தன் குழுவிடம் சொன்ன ஒரு ஃபீமா மேற்பார்வையாளர் வேலையிழந்தார், அந்தத் தவறுக்கான பதில் இது. எந்தக் கட்சிக்காரருக்கும் இதில் மறுக்க ஒன்றுமில்லை.

ஆனால் நிதானமாகப் பார்த்தால் இரண்டு பெரிய சிக்கல் இருக்கிறது. முதலாவது, பிரித்து வைப்பதாலேயே போன ஆள் திரும்பி வர மாட்டார். சம்பளப் பட்டியல், கணினி அமைப்பு, பாதுகாப்பு அனுமதி, ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் பெரிய துறையிலிருந்து பிரித்தெடுக்கவே ஓரிரண்டு வருடம் போகும், மிச்சமிருக்கும் அனுபவசாலிகளின் நேரமும் அதில்தான் கரையும். ஹார்வியின்போது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் மற்ற பிரிவுகளிலிருந்து தன்னார்வமாக வந்து உதவியவர்கள் நிறைய, விமான நிலையச் சோதனை ஊழியர்கள் உட்பட. வெளியே போனால் அந்த ஏற்பாட்டுக்கும் புதிதாக ஒப்பந்தம் போட வேண்டும். இரண்டாவது, நேராக அதிபரின் கீழ் இருந்தால் நல்ல அதிபர் வரும்போது வேகம் கிடைக்கும், ஃபீமாவே வேண்டாம் என்று நினைக்கும் அதிபர் இருந்தால் இடையில் தடுக்க யாரும் இல்லை. ஹாமில்டனின் கதையைத் தனி அமைப்பு என்ற பலகை மாற்றியிருக்காது.

எப்போது இது சரி? உங்கள் உறுப்பினர் குடியரசுக் கட்சியாக இருந்து, அவரிடம் சண்டைக்குப் போகாமல் ஆதரவு கேட்க வேண்டும் என்றால் இதைவிடப் பொருத்தமான மசோதா இல்லை. பத்து வருடக் கண்ணோட்டத்தில் பார்த்தாலும் இதுதான் நல்லது. அடுத்த புயலுக்குள் ஆள் வேண்டும் என்றால் இதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

வழி 3: ஆண்டு நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் எழுதுவது

இதைப் பற்றி யாரும் ஆர்வமாகப் பேசுவதில்லை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கான பணத்தை ஒவ்வொரு வருடமும் காங்கிரஸ் ஒதுக்க வேண்டும். அந்தச் சட்டத்தில், இந்தப் பணத்தைக் கொண்டு ஃபீமா ஊழியர் எண்ணிக்கையை இவ்வளவுக்குக் கீழே குறைக்கக் கூடாது, இந்தத் திட்டத்துக்கு இவ்வளவு கட்டாயம் செலவிட வேண்டும் என்று சில வரிகள் சேர்த்தால் போதும். தனி மசோதா வேண்டாம், எப்படியும் நிறைவேற்றியே ஆக வேண்டிய சட்டத்தில் அது பயணம் செய்யும்.

இங்கே ஒரு நுணுக்கம். ஃபீமாவின் ஆட்களில் பெரும்பகுதி நிரந்தர ஊழியர்கள் அல்ல. 'கோர்' என்று அழைக்கப்படும், இரண்டு முதல் நான்கு வருட நியமனத்தில் வேலை செய்பவர்களும், தேவைப்படும்போது மட்டும் அழைக்கப்படும் ரிசர்விஸ்ட்களும்தான் களத்தைத் தாங்குகிறார்கள். இவர்களுக்குச் சம்பளம் பெரும்பாலும் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து போகிறது. ஆட்குறைப்புக்கு யாரையும் நீக்கக்கூட வேண்டாம், நியமனத்தைப் புதுப்பிக்காமல் விட்டாலே போதும். 2026 ஜனவரியில் கோர் ஊழியர்கள் விஷயத்தில் அதுதான் நடந்தது. அதனால் கடிதத்தில் "ஊழியர்கள்" என்று பொதுவாக எழுதாமல் "கோர், ரிசர்விஸ்ட் உட்பட" என்று எழுதுங்கள். இந்த ஒரு சொல்லைச் சேர்த்தால், விஷயம் தெரிந்தவர் எழுதியிருக்கிறார் என்று உறுப்பினரின் உதவியாளருக்குப் புரியும்.

குறைகள்? ஒதுக்கீட்டுச் சட்டத்தில் எழுதியது செப்டம்பர் 30 வரைதான், அடுத்த வருடம் மறுபடி போராட வேண்டும். ஒதுக்கீடு பேச்சுவார்த்தையே முறிந்தால் அரசு முடங்கும். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை முடங்கியபோது ஃபீமா நடத்தும் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டமும் காலாவதியாகி, புதிய காப்பீடு எடுக்க முடியாமல் போனது. வெள்ள அபாயப் பகுதியில் கடன் போட்டு வீடு வாங்குபவருக்கு அந்தக் காப்பீடு இல்லாமல் வங்கி கையெழுத்திடாது. நிவாரண நிதி வற்றினாலும் இதேபோல ஒரு மறைமுகச் செலவு உண்டு: 2023 ஆகஸ்டிலும் 2024 ஆகஸ்டிலும் ஃபீமா உடனடி உயிர்காப்புப் பணிகளுக்கு மட்டும் பணத்தை ஒதுக்கிவிட்டு, பழைய புயல்களின் மறுகட்டுமானத்தை நிறுத்தி வைத்தது.

பூட்டு பலவீனம், வேகம் அதிகம். கையில் நேரம் குறைவாக இருக்கும்போது இதைத்தான் கேட்க வேண்டும், உங்கள் உறுப்பினரோ செனட்டரோ ஒதுக்கீட்டுக் குழுவில் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம்.

வழி 4: மாநிலங்களிடம் விட்டுவிடுவது

குழுவில் மூன்றாவதாகப் பேசியவரின் கருத்து. இதை ஒதுக்கித் தள்ள மாட்டேன். உள்ளூர்க்காரருக்குத்தான் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று தெரியும். டெக்சாஸ், புளோரிடா போன்ற மாநிலங்கள் நல்ல திறமையோடு இருக்கின்றன. ஒரு மாநிலம் இன்னொன்றுக்கு ஆளும் கருவியும் அனுப்ப 1996இல் காங்கிரஸ் ஒப்புதல் பெற்ற உடன்படிக்கையும் இருக்கிறது.

கணக்குதான் இடிக்கிறது. ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் வரவுக்குள் செலவு செய்தாக வேண்டும் என்ற கட்டுப்பாட்டில் உள்ளவை. பொதுக் கட்டடம், சாலை சீரமைப்புக்கு இப்போது மத்திய அரசு குறைந்தது 75 சதவீதம் கொடுக்கிறது. மாநிலத்தில் வருமான வரி இல்லாத நம் டெக்சாஸில் அந்தப் பணத்தை எங்கிருந்து எடுப்பார்கள் என்று யோசித்தால், விற்பனை வரியும் நம் வீட்டுச் சொத்து வரியும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. மாவட்ட அளவில் இருக்கும் பேரிடர் அதிகாரிகளின் சம்பளத்துக்கே ஃபீமா மானியம் பாதிவரை போகிறது. ஃபீமா சுருங்கினால் "மாநிலமே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லும் அந்த மாநில, உள்ளூர் ஆட்களும் சேர்ந்தே சுருங்குவார்கள்.

இதில் என்னை உறுத்தும் ஒன்று இருக்கிறது. குவாடலூப்பே வெள்ளத்தில் அதிகம் பாதிக்கப்பட்ட கெர் கவுண்டி, அதற்குப் பல வருடம் முன்பே வெள்ள எச்சரிக்கை அமைப்புக்காக சுமார் பத்து லட்சம் டாலர் கேட்டு விண்ணப்பித்திருந்தது. அது மத்திய அரசின் பணம், பங்கிடும் பொறுப்பு மாநிலத்திடம், அனுமதி கிடைக்கவில்லை. மாநிலத்திடம் அதிகாரம் இருந்தால் சின்ன ஊருக்குத் தானாக நீதி கிடைத்துவிடும் என்ற எண்ணத்தை அந்தச் சம்பவம் எனக்குள் உடைத்துவிட்டது.

பணமும் ஆளும் முதலில் மாநிலத்துக்குப் போய், பத்து வருடம் படிப்படியாக மத்திய பங்கு குறையும் என்று ஒரு திட்டம் யாராவது வைத்தால் பேசலாம். ஆளை முதலில் நீக்கிவிட்டுப் பிறகு மாநிலத்தைப் பார்க்கச் சொல்வதை என்னால் ஆதரிக்க முடியாது.

நீதிமன்றம் போதாதா?

சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிக் திட்டத்தை நிறுத்தியதை எதிர்த்து 2025 ஜூலையில் 20 மாநிலங்கள் வழக்குப் போட்டன. பாஸ்டனில் நீதிபதி ரிச்சர்ட் ஸ்டர்ன்ஸ் ஆகஸ்டில் இடைக்காலத் தடை கொடுத்தார், டிசம்பரில் நிறுத்தியது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார். நல்ல தீர்ப்பு. ஆனால் டெக்சாஸ் அந்த வழக்கில் சேரவில்லை, அறிவிப்புக்கும் தீர்ப்புக்கும் இடையே எட்டு மாதம் வேலை நின்றது. முன்தடுப்புக்கு மத்திய அரசு போடும் ஒவ்வொரு டாலரும் பின்னால் ஆறு டாலர் இழப்பை மிச்சப்படுத்துகிறது என்று தேசியக் கட்டட அறிவியல் கழகம் 2019இல் கணக்கிட்டது. நின்ற எட்டு மாதத்தையும் அந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் யார் எதைக் கேட்பது?

நான் வழி 3-ஐ முதலில் வைக்கிறேன், வழி 2-ஐ அதோடு சேர்த்துக் கேட்கிறேன். இன்றைக்கு ஆள் வேண்டும், நாளைக்குப் பூட்டு வேண்டும், ஒன்றே ஒன்று இரண்டையும் தராது. வழி 1 உங்கள் தொகுதி உறுப்பினரே கொண்டுவந்ததாக இருந்தால் அதை முதலில் வையுங்கள், ஏனென்றால் தன் மசோதாவுக்குத் தொகுதியில் ஆதரவு இருக்கிறது என்று காட்ட அவருக்கு உங்கள் கடிதம் தேவைப்படும்.

குடியுரிமை இல்லையே, எழுதலாமா என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். எழுதலாம். தொகுதியில் வசிக்கும் யாரும் எழுதலாம், விசா எதுவாக இருந்தாலும் சரி. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பத்தியில் உங்கள் ஊர், அஞ்சல் எண், உங்கள் தெருவில் எந்த வருடம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று எழுதுங்கள். அடுத்த பத்தியில் கோர், ரிசர்விஸ்ட் உட்பட ஆள் எண்ணிக்கைக்குக் கீழ்வரம்பும், பிரிக் திட்டத்துக்குப் பணமும் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் வேண்டும் என்று கேளுங்கள். மூன்றாவதில் மசோதா 4669-க்கு ஆதரவு கேளுங்கள். வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டு, தொகுதி அலுவலகத்துக்கும் ஒரு தடவை போன் செய்யுங்கள், அங்கே எடுப்பவர்கள் குறித்துவைத்துக்கொள்வார்கள்.

எழுதி முடித்த கையோடு வெள்ளக் காப்பீட்டையும் பாருங்கள். வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் வராது, புதிதாக எடுத்தால் பெரும்பாலும் 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், புயல் பருவம் ஜூன் 1 அன்று தொடங்குகிறது. எச்1பியில் இருப்பவர்கள், வீட்டில் இங்கே பிறந்த குழந்தை இருந்தால், அதன் சமூகப் பாதுகாப்பு அட்டையை எளிதில் எடுக்கும் இடத்தில் வையுங்கள்.